ஒன்பது திருப்பங்கள்

— நீ வலது பக்கம் நட சீதா. நான் இந்தப் பக்கம் வரேன்.

— ஏன் அண்ணி? பூவெல்லாம் இங்கதானே இருக்கு?

— வெயில் அடிக்குது. குடையை இப்படிச் சாய்ச்சுப் பிடி... இன்னும் கொஞ்சம்.

— இதுக்கு மேல சாய்ச்சா குடைத்துணியைத்தான் பாத்துட்டு வீட்டுக்குப் போகணும்.

— வாயைப் பாரு. வருசத்துக்கு ஒரு தடவை, சீனப் பெருநாளுக்குத்தான் முதலாளி தவுக்கே இந்தத் தோட்டத்தை எல்லாருக்கும் திறந்து விடுறாரு. பிரிக்பீல்ட்ஸ்லேருந்து ரிக்‌ஷா வச்சுக் கூட்டியாந்திருக்கேன். சந்தோசமாப் பாரு.

— பாக்குறேனே. கல்லை அடுக்கி மலை பண்ணியிருக்காங்க. நிலா மாதிரி வட்டமா வாசல் வச்சிருக்காங்க. எல்லாம் புரியுது, உங்களைத்தான் புரியல.

— நான் என்ன பண்ணினேன்?

— வாசல்ல வந்து எனக்கு இடது பக்கம் நின்னீங்க. மீன் பாக்கிறப்பவும் இடது பக்கம். என் கன்னத்துத் தழும்புக்குக் காவலா?

— சும்மா இருடி... சின்ன வயசுல கஞ்சி கொட்டினது. அதை யாரு இப்பக் கேட்டா?

— சரி, பாலத்துல போவோம் வாங்க.

— வேணாம்லா. என்ன பாலம் அது, நாலு எட்டு வைக்கிறதுக்குள்ள மடங்கி மடங்கிப் போகுது. கட்டினவன் குடிச்சிருந்தானா?

— பேய்க்கு நேராத்தான் போகத் தெரியுமாம். திரும்பத் தெரியாம தண்ணியில விழுந்துருமாம். அதுக்காக ஒம்பது திருப்பம்.

— அப்ப உங்கண்ணனும் விழுந்துருவாரு. வேலை விட்டா நேரா சோத்துப் பானைதான்... ஏய், நில்லு. எங்க போற?

— ஒருத்தர் போற அகலம்தான் இருக்கு. பின்னால வாங்க அண்ணி.

— குடை, குடை... அதை ஏன்டி மடக்குற?

— காத்துல பறக்குது. நீங்க எதுக்கு இப்படிப் பதறுறீங்க?

— அது வந்து... எதுத்தாப்புல மண்டபத்துல வெள்ளைக் கோட்டுப் போட்டு ஒருத்தர் உக்காந்திருக்காரு. பாக்காத.

— பாக்கல. யாரு?

— நாகையா. ரயில்வே ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணி. உன்னைத்தான் பாக்க வந்திருக்காரு. உனக்குத் தெரியாமப் பாத்துட்டுப் போகட்டும்னு நெனச்சேன். வேணாம்னு சொன்னாலும்... உனக்குத் தெரியாமலே போயிரும்ல.

— போன தடவை பொண்ணு பாக்க வந்த கிள்ளான்காரங்க மாதிரி மூஞ்சிக்கு நேரா எழுந்து போக மாட்டாங்கன்னு.

— அன்னைக்கு விளக்கை வலது பக்கம் வச்சு, உன்னையும் ஒருக்களிச்சு உக்கார வச்சேன். தட்டு மாத்துற நேரமாப் பாத்து நீ திரும்பிட்ட.

— கழுத்து வலிச்சது அண்ணி.

— சிரிக்காத. அதுக்கப்புறம் ரெண்டு நாள் நீ கண்ணாடியே பாக்கல.

— அவங்க வேணாம்னதுக்கு இல்ல அது. அரை மூஞ்சியோட அவ்வளவு நேரம் உக்காந்திருந்தேனே... அதுக்கு.

— என் புத்தி அவ்வளவுதான் சீதா.

— விடுங்க. இது எத்தனையாவது திருப்பம்?

— மூணு. இப்ப இடது கன்னம் முழுசா அவரு பக்கம்... போச்சு. எழுந்துட்டாரு.

— போறாரா?

— செருப்பைத் தேடுறாரு... மாத்திப் போடுறாரு... இல்லடி, பாலத்து மேல ஏறுறாரு. இங்கதான் வராரு. சிரிக்க வேற செய்றாரு.

— பதிலுக்கு நீங்களும் சிரிங்க.

— அவரு தங்கச்சி மாரியாயி இந்தத் தோட்டத்தைச் சொன்னப்பவே நான் முடியாதுன்னிருக்கணும். வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தா உன்னைப் பாத்துப் பாத்து உக்கார வச்சிருப்பேன்.

— அதுக்குப் பயந்துதான் மாரியாயிகிட்ட இந்த இடத்தை நானே சொல்லிவிட்டேன் அண்ணி. ஒம்பது திருப்பத்துலயும் என்னை நல்லாப் பாக்கட்டும், அப்புறமும் மனசு இருந்தா எழுந்து வரட்டும்னு. இவரு என்னடான்னா... மூணாவதுலயே கெளம்பிட்டாரு.