கதவைச் சாத்திய நேரம்

"ஹலோ… அண்ணே? கேக்குதா? … கொஞ்சம் வெளிய வா, ஒரே மேளச் சத்தமா இருக்கு."

குண்டசாலையில், ஒபிஸ் மாடியில், சோதனை மேசைக்கு முன்னால் லோஜினி நின்றுகொண்டிருந்தாள். அண்ணன் யோகராஜ் மகளின் காதுகுத்துக்காக லீவு போட்டு ஹேவாஹெட்டவுக்குப் போயிருந்தான். இருவருக்கும் ஒரே ஒபிஸ்தான். தேயிலைத் தூளில் கலந்த தண்டைக் கெமராவால் கண்டுபிடித்து, காற்றால் ஊதித் தள்ளுகிற மெசின்களுக்குப் புரோகிராம் எழுதும் இடம்.

"ஆமா… ஆமா, சாப்பிட்டேன். … பாப்பா ரொம்ப அழுதாளா? … ம்ம். … இல்ல, கோவம் இல்ல. … சரி, உம்மணாமூஞ்சிதான், இருந்துட்டுப் போறேன். அண்ணே, நான் எடுத்தது ஹுதைபா விசயமா."

மெசினில் கெமராப் பகுதியை எழுதியவன் ஹுதைபா. காற்று வால்வுப் பகுதி யோகராஜுடையது. போன மாதம் பெக்டரிகளில் மெசின் தாமதமாக ஊதியது. தண்டு தப்பிப் போக, நல்ல தூள் குப்பைக்குப் போனது. எல்லாவற்றையும் அடியில் இருந்து நடத்தும் கேர்னல் புரோகிராமில் நேரம் எங்கே போகிறது என்று அளக்கச் சொன்னார் ஒபிஸை நடத்தும் நடராஜா சேர். லோஜினி அளந்தாள். அதிக நேரம் தின்பதாக ஹுதைபாவின் பகுதிதான் உச்சியில் வந்தது. அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். இன்று பின்னேரம் வந்து சாவியை ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும்.

"நான் அளந்தது பிழை. … இல்ல, அளந்த விதம் பிழை. … குறுக்க பேசாம கேளேன். கேர்னலுக்குள்ள ஒரு மணி அடிச்சுக்கிட்டே இருக்குல்ல? ஒவ்வொரு தடவையும் இப்ப யாரு வேலை செய்றதுன்னு எட்டிப் பாத்து ஒரு புள்ளி போடும். புள்ளி கூடினவன் மேல பழி. … ஆமா, உனக்குத் தெரியும், நீதான் சொல்லிக் குடுத்த. ஆனா நீ எழுதின புரோகிராம் கோட் வால்வத் தொறக்கப் போறப்ப, மணிய உள்ள விடாம கதவச் சாத்திக்குது. வால்வு பதில் சொல்ற வரைக்கும் உள்ளேயே நிக்குது. … மணி வெளிய காத்துக்கிட்டு இருக்கும். கதவு தொறக்குற நேரம் வாசல்ல நிக்கிறது ஹுதைபாவோட கோட். … ஆமா. புள்ளியெல்லாம் அவருக்கு."

அவள் திரையைப் பார்த்தாள்.

"இன்னைக்குச் சாத்தின கதவுக்குள்ளயும் போற மணியப் போட்டு அளந்தேன். … ம்ம். உன்னோடதுதான். … கொஞ்சம் இல்ல அண்ணே. முக்காவாசியும்."

இதைச் சொல்லும்போது குரல் நடுங்கும் என்று நினைத்திருந்தாள். நடுங்கவில்லை. பஸ் ரூட் நம்பர் சொல்வதைப் போல வந்தது. சேருக்கு எழுதிய மெயில் அனுப்பாமல் பக்கத்திலேயே திறந்து கிடந்தது. அண்ணனிடம் முதலில் சொல்லிவிட வேண்டும் என்று வைத்திருந்தாள். அதன் கடைசி வரியைத்தான் காலையில் முதலில் எழுதினாள்: 'யோகராஜுக்கு இது தெரியாது; தெரியாமல் நடந்த பிழை.'

"சேர் கிட்ட நானே சொல்றேன். தெரியாமச் செஞ்சதுக்கு உன்னை ஒன்னும்… என்ன? … என்ன சொன்ன? … அன்னைக்கேயா? … நான் அளந்து குடுக்கிறதுக்கு முன்னாலயே உனக்குத் தெரியுமா?"

அந்தப் பக்கத்தில் மேளம் நின்றுவிட்டிருந்தது. அண்ணன் பேசிக்கொண்டே இருந்தான். அவள் மேசை விளிம்பை நகத்தால் சுரண்டினாள்.

"ம்ம். … ம்ம். … பயந்துட்ட. சரி. … ஹுதைபா போறப்ப என்ன சொன்னாரு தெரியுமா? 'லோஜினி அளந்தா சரியாத்தான் ஈக்கும்'னு. சொல்லிட்டு அவரு மேசையத் தொடச்சு வச்சிட்டுப் போனாரு. … நீயும் பக்கத்துலதான நின்ன."

அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"… ஆமா, நீதான் என்னை இங்க சேத்துவிட்ட. … மறக்கல. … அவருக்கு வேற வேலை கிடைக்கும்னா உனக்கும் கிடைக்கும்தான? … அழாத அண்ணே. வந்த ஆளுங்க பாப்பாங்க. மொகத்தக் கழுவிட்டு உள்ள போ. … அண்ணிக்கு நான் சொல்ல மாட்டேன். … எத அழிக்க? … இன்னைக்கு அளந்ததையா? … எல்லாத்தையுமா? … ம்ம். … இல்ல, சரின்னு சொல்லல. ம்ம்னுதான் சொன்னேன். … ஹலோ? … அண்ணே?"

மலையில் சிக்னல் போனதோ, அவனே வைத்துவிட்டானோ தெரியவில்லை. லோஜினி கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். கீழே வாசலில் ஒரு த்ரீவீல் வந்து நின்றது. ஹுதைபா யாருக்கோ சலாம் சொல்வது கேட்டது.

மெயிலின் கடைசி வரியை மட்டும் அழித்தாள். மற்றதை ஒருமுறை வாசித்தாள். அனுப்பினாள்.