தனியாகக் கட்டிய துணி

– கதவை முழுசாத் திறங்க.

– நீ... நீ எப்படி இங்க?

– பஸ்ல. தள்ளுங்க, உள்ள வரணும்.

– வேலைக்குப் போகலையா?

– அரை நாள் லீவு. நீங்களும் அப்படித்தானே, வாராவாரம் வியாழக்கிழமை?

– லீவாவது ஒண்ணாவது. டாக்டருங்களைப் பாக்கணும்டி. விக்கிற மருந்து சாம்பிள் பெட்டி மேஜை மேலதான் இருக்கு, பாரு.

– டாக்டருங்க எல்லாம் ஓட்டல் ரூமுக்கா வர்றாங்க?

– பாத்து முடிச்சுட்டு வந்து படுத்தேன். நீ என்ன வக்கீலா?

– அவ எங்க?

– எவ?

– வியாழக்கிழமை வர்றவ.

– உனக்கு முத்திடுச்சு. சரி, தேடு. பாத்ரூம், அலமாரி, திரைக்குப் பின்னாடி. கட்டிலுக்கு அடியில கூடக் குனிஞ்சு பாரு.

– இந்தக் கட்டிலுக்கு அடியில பூனை கூட நுழையாது.

– அப்ப பாத்ரூம்.

– பாத்துட்டேன். துண்டு ஒண்ணு. சோப்பு ஒண்ணு.

– இப்பத் திருப்தியா? ஒரு மனுஷன் நிம்மதியா ரெண்டு மணி நேரம் படுத்தா அது ஒரு குத்தமா? யாருமே இல்லாத ரூம்ல வந்து நின்னுக்கிட்டு...

– கதவைச் சாத்தாதீங்க.

– ஏன், ஊருக்கே கேக்கணுமா?

– திறந்தே இருக்கட்டும்.

– கிளம்பு முதல்ல. வீட்டுல போய்ப் பேசிக்கலாம்.

– வீட்டுல நாம எப்பப் பேசியிருக்கோம்? நீங்க பேசுவீங்க, நான் சுவரோரமா நிப்பேன். பாப்பா டிவி சத்தத்தைக் கூட்டி வெச்சுக்குவா. இங்கதான் பேசணும். பக்கத்து ரூம்ல ஆள் இருக்கு. உங்களால கையைத் தூக்க முடியாது.

– ஓ... திட்டம் போட்டுத்தான் வந்திருக்க.

– ஆமா.

– யார் வத்தி வெச்சது? கீழ கவுண்டர்ல முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கானே, அவனா? இல்ல உன் தம்பியா?

– துணி சொல்லுச்சு.

– என்னது?

– சார்... ஹவுஸ்கீப்பிங். விரிப்பு மாத்தணுமா?

– வேணாம், அப்புறம் வாங்க.

– துண்டு மட்டும் வெச்சுட்டுப் போயிடறேன் சார். ஒண்ணு போதுமா, இல்ல முன்ன மாதிரி ரெண்... அக்கா? லாண்ட்ரி அக்காதானே நீங்க?

– ஆமாம்மா.

– நீங்க எங்கக்கா இங்க? மூட்டை எடுக்க வண்டி நாளைக்குத்தானே வரும்?

– வேற வேலையா வந்தேன்.

– இந்த ரூம்லேர்ந்து ஒண்ணு தனியாக் கட்டி அனுப்பினேனே... அந்தக் கறை போச்சாக்கா?

– போச்சும்மா. சுத்தமாப் போச்சு.

– எனக்கு மனசே சரியில்லக்கா அன்னைக்கு... சரி, நான் வரேன். கதவைச் சாத்தவா?

– வேணாம்மா. நீ கொஞ்ச நேரம் இந்த வராந்தாவுலயே பெருக்கிட்டு இரு.

– அந்தப் பொம்பளைக்கு உன்னை எப்படித் தெரியும்?

– இந்த ஓட்டல் துணி எல்லாம் எங்க லாண்ட்ரிக்குத்தான் வருது. ஒரு வருஷமாச்சு.

– நீ சொல்லவே இல்லையே.

– நீங்க கேக்கவே இல்லையே. வேலைக்குப் போறேன்னு தெரியும். யார் துணியைத் துவைக்கிறேன்னு தெரிஞ்சு உங்களுக்கு என்ன ஆகப் போகுது?

– அதுக்கும் இதுக்கும் என்ன?

– கறை படாததெல்லாம் மொத்தமா மூட்டையில வரும். எந்த ரூம் துணி எதுன்னு தெரியாது. கறை பட்டதை மட்டும் தனியா முடிஞ்சு, ரூம் நம்பர் எழுதி அனுப்புவாங்க. முன்னூத்தி ஏழு, வாரம் தவறாம வந்துச்சு. ஒரு தலையணை உறையில உங்க சாயம்.

– ஏன், ஊர்ல நான் ஒருத்தன்தான் தலைக்குச் சாயம் அடிக்கிறேனா?

– நான்தானே அடிச்சு விடறேன்? காதுக்குப் பின்னாடி நீங்க சரியாக் கழுவ மாட்டீங்க. வீட்டு உறையில பதினோரு வருஷமாப் பாக்குற கறை எனக்குத் தெரியாதா? இன்னொரு உறையில கண்மை.

– எவ்வளவு நாளா... தெரியும்?

– எட்டு மாசம்.

– எட்டு மாசமாத் தெரிஞ்சும் வாயைத் திறக்கலையா? என்ன பொம்பளை நீ?

– வியாழக்கிழமை மட்டும் நீங்க சாந்தமா வருவீங்க. பாப்பா பயப்படாம உங்க பக்கத்துல உக்காந்து வீட்டுப்பாடம் எழுதுவா. வாரத்துல ஒரு நாளாவது கிடைக்குதேன்னு இருந்துட்டேன். வெக்கமாத்தான் இருந்துச்சு. துவைச்சு, தேய்ச்சு, மடிச்சு... நீங்க ரெண்டு பேரும் படுக்க நான்தான் திருப்பி அனுப்பினேன்.

– சரி... தப்புதான். ஆனா அது முடிஞ்சு போச்சு. மூணு வாரமா அவ வர்றதே இல்ல.

– தெரியும். சாயம் மட்டும்தான் வருது.

– பின்ன என்ன? விட்டுட்டேன்ல? பாப்பா மேல சத்தியமா...

– அவளை இழுக்காதீங்க. ஏன் வர்றதில்ல?

– நான்தான் வேணாம்னு சொல்லிட்டேன். உன்னையும் பாப்பாவையும் நெனச்சு...

– என்னன்னு சொன்னீங்க?

– நல்லபடியாத்தான் சொன்னேன். அவளும் புரிஞ்சுக்கிட்டா.

– நல்லபடியா.

– ஆமா. இப்ப நான் போன் பண்ணாக் கூட எடுக்கிறதில்ல. அந்த அளவுக்கு முடிஞ்சு போச்சு.

– வேணாம்னு சொன்னவளுக்கு எதுக்குப் போன் பண்றீங்க?

– அது... ஒரு மரியாதைக்கு. இப்ப அவ பேச்சு எதுக்கு? நீ ஜெயிச்சுட்ட. வா, போலாம்.

– எத்தனை நாளா எடுக்கலை?

– அன்னைலேர்ந்துதான்... ஏய், எதுக்குடி அழற? அதான் அவ இல்லையே இப்ப?

– அவளைத் துரத்தணும்னு நான் வரலீங்க. மூணு வாரத்துக்கு முன்னாடி வந்த முடிச்சுல, அவ உறை பூரா ரத்தம். ரத்தக்கறைக்கு வெந்நீர் ஆகாது, பச்சைத் தண்ணிதான். அதை நான் லாண்ட்ரியில கத்துக்கலை, நம்ம வீட்டுல கத்துக்கிட்டேன். ஆனா என் உறையில ஒரு நாளும் அவ்வளவு இருந்ததில்ல. சொல்லுங்க... அவ தன் கால்ல எந்திரிச்சு நடந்துதானே போனா?