ரெண்டு பஸ், ரெண்டு பெட்டி

சங்கவி: பெட்டி கத்துச்சா?

பூவரசன்: இல்ல.

சங்கவி: பையிலேர்ந்து எடுத்து மடில வெச்சியா?

பூவரசன்: கொழந்தையாட்டம் வெச்சிக்கினு இருக்கேன். பக்கத்து சீட்டுக்காரரு பாம்னு நெனச்சி எழுந்து போய்ட்டாரு.

சங்கவி: சிரிப்பு காட்டாத. இன்னிக்கி நம்ம பஸ்ஸுங்க எதிரெதிர்ல போறப்ப ரேடியோ பெட்டி ரெண்டும் ஒண்ண ஒண்ணு கண்டுபுடிக்கல... அரங்கநாதன் சார் புராஜெக்டயே மாத்திடுவாரு.

பூவரசன்: எப்பப் பாத்தாலும் தூங்குற பெட்டி எங்க கண்டுபுடிக்கிறது?

சங்கவி: தூங்குனாத்தான்டா பேட்டரி மாசக்கணக்குல நிக்கும்! நடுவுல கண்ண சிமிட்டும். ரெண்டும் ஒரே நேரத்துல சிமிட்டுனா...

பூவரசன்: பீப்பு! தெரியும் டீச்சர்.

சங்கவி: நேத்து ரெண்டுக்கும் ஒரே தாளம். இது முழிச்சா அது தூங்குச்சி, கடைசி வரைக்கும். இன்னிக்கி வேற வேற தாளம் வெச்சிருக்கேன். எப்பிடியும் மாட்டும்.

பூவரசன்: நம்மள மாதிரி.

சங்கவி: என்னாது?

பூவரசன்: ஒண்ணுல்ல... எங்க வந்துக்கினு இருக்க?

சங்கவி: நானா... திண்டிவனம் தாண்டி... கூட்டேரிப்பட்டு இன்னும் வரல. நீ?

பூவரசன்: நான்... இப்பத்தான் விழுப்புரத்த தாண்டுறேன்.

சங்கவி: அப்ப கிராஸாவ இன்னும் நேரம்... ஐயோ! கத்துது! பூவரசா, கத்துது!

பூவரசன்: என்னுதும்! ஏ, என்னுதும் கத்துது!

சங்கவி: வேல செய்யுதுடா! என் தாளம் வேல... இரு இரு. ரோட்டுக்கு இந்தாண்ட அந்தாண்ட இருந்தாத்தான கேக்கும்? நீ விழுப்புரத்துல, நான்...

பூவரசன்: காத்து நல்லா அடிக்குதுல்ல... அதான்.

சங்கவி: ரேடியோவுக்குக் காத்தா?

பூவரசன்: கண்டுபுடிச்சிடுச்சில்ல, வுடேன்!

சங்கவி: பஸ்ஸு கிராஸ் பண்ணா ஒரு தடவ கத்திட்டு ஓஞ்சிடும். இது நிக்கவே மாட்டேங்குது. ஆமா, அங்க யாரு "மல்லாட்டை, மல்லாட்டை"ன்னு கூவுறது?

பூவரசன்: ஜன்னலாண்ட வேர்க்கடல விக்கிறாங்க... ஏய், உன் போன்லயும் அதே கொரலு கேக்குது?

சங்கவி: நீ எங்கடா நிக்கிற?

பூவரசன்: நீ எங்க நிக்கிற, சங்கவி?

சங்கவி: நீ மொதல்ல சொல்லு.

பூவரசன்: திட்டக்கூடாது... நான் விக்கிரவாண்டிலயே எறங்கிட்டேன். உன் பஸ்ஸு வந்தா ஏறி, பக்கத்துல உக்காந்து... ஒண்ணு கேக்கலாம்னு. புராஜெக்ட் முடிஞ்சா நீ யாரோ நான் யாரோ ஆயிடுவோமே...

சங்கவி: மண்டு! உன் பஸ்ஸுல ஏறி அதையே கேக்கத்தான் நானும் எறங்கி நிக்கிறேன். ரோட்டுக்கு இந்தாண்ட பாரு... பெட்டிய ஆஃப் பண்ணாத, கத்தட்டும்!