காற்றுக்குழாயில் மெழுகு

என் பெயர் அப்துல் ஹமீட் ஜுனைதீன். வயது இருபத்தாறு. முகவரி மன்னார், உப்புக்குளம், பள்ளிவாசல் பின்வீதி. விவாகமாகாதவன். தொழில் படகு இயந்திரம் திருத்துவது. அதற்குரிய டிப்ளோமா முடித்தவன். இன்று காலை தலைமன்னாரில் 'மரியநேசம்' என்ற படகில் அருளப்பு என்பவர் இறந்தது தொடர்பாக இந்த வாக்குமூலத்தைத் தருகிறேன். இதைத் தொடங்கமுன் நான் சார்ஜன்ட் அவர்களிடம் ஒரு விடயம் சொன்னேன். அதே மாதிரிக் கழிவுத் தாங்கி பூட்டிய 'விண்மீன்' என்ற மற்றப் படகு உல்லாசப் பயணிகளுடன் இப்போது கடல் நடுவே உள்ள மணல் தீடைப் பக்கம் நிற்கிறது. அதன் தாங்கி அறையை யாரும் திறக்கமுன் தகவல் போக வேண்டும். சார்ஜன்ட் கடற்படை முகாமுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, பதில் வரும்வரை ஒழுங்காக முதலில் இருந்து சொல்லும்படி கேட்டார். அதனால் சொல்கிறேன்.

இரண்டு படகுகளும் தலைமன்னார் டொமினிக் என்பவருக்குச் சொந்தம். முன்பு மீன்பிடிக்கு விட்டவர், இப்போது தீடைக்குப் பறவை பார்க்க வருபவர்களை ஏற்றுகிறார். தீடைப் பகுதியில் மலக்கழிவைக் கடலில் விடக்கூடாது என்று அனுமதியில் நிபந்தனை போட்டதால், சென்ற மாசியில் என்னைக் கூப்பிட்டு இரண்டு படகிலும் மலசலகூடமும் கழிவுத் தாங்கியும் பூட்டச் சொன்னார். முன்தளத்துக்குக் கீழே ஓர் ஆள் குந்தியிருக்கக்கூடிய அறையில் பிளாஸ்டிக் தாங்கியை வைத்தேன். தாங்கியில் மூன்று குழாய்கள். ஒன்று மலசலகூடத்தில் இருந்து வருவது. மற்றது கரையில் பவுசர் லொறி கழிவை உறிஞ்சி எடுப்பதற்கு. மூன்றாவது காற்றுக்குழாய். உள்ளே உண்டாகும் வாயு அதனால்தான் வெளியே போக வேண்டும், பவுசர் உறிஞ்சும்போது காற்று அதனால்தான் உள்ளே வர வேண்டும். இது அடைபட்டால் தாங்கி ஒரு குண்டு என்று டொமினிக் அண்ணனுக்கும், படகோட்டிகளான மரியநேசத்துச் சிங்கராசா, விண்மீன் யாகப்பர் இருவருக்கும் குழாயைத் தொட்டுக் காட்டிச் சொன்னேன். மூவரும் ஓம் என்றார்கள்.

காற்றுக்குழாயின் வாயைப் படகோட்டி நிற்கும் அறையின் முன்சுவரில், முன்தளத்தைப் பார்த்தபடி உயரத்தில் வைத்தேன். அலை அடித்தாலும் தண்ணீர் போகாத இடம் அது ஒன்றுதான். அதற்குச் சற்று மேலே வெறும் மரத்தட்டு ஒன்று அடித்திருந்தது. அதன் பின்பு சுவாமியார் வந்து படகுகளை மந்திரித்த அன்று, இரண்டு படகிலும் அந்தத் தட்டில் அந்தோனியார் சிலையை, அவர்கள் சொல்வதில் சுருவத்தை, வைத்தார்கள். அதாவது மலத்தாங்கியின் காற்று சுருவத்தின் காலடியில் வந்து விழுந்தது.

அதன் பின்பு டொமினிக்கின் மனைவி அன்ரோனெற் என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, நாங்கள் மெழுகுதிரி கொளுத்திச் செபம் சொல்லுற இடத்தில என்னத்தைக் கொண்டுவந்து விட்டிருக்கிறீர்? உங்கட பள்ளிவாசல்ல இப்பிடி விடுவீரோ?” என்று கேட்டார்.

“விடமாட்டன் அக்கா. சுருவத்தை மற்றப் பக்கம் வையுங்கோ,” என்றேன்.

“மந்திரிச்சு வைச்சதை உன்ர குழாய்க்காக எழுப்புறதோ?” என்று டொமினிக் அண்ணன் சொன்னார்.

நான் விவாதிக்கவில்லை. குழாயைக் கூரைக்கு மேலே நீட்டித் தருகிறேன், கொழும்பில் இருந்து நீட்டுக்குழாய் வரவேண்டும், அதுவரை யாரும் அதில் கை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். நீட்டுக்குழாய் இன்னும் வரவில்லை.

இன்று காலை பவுசர் சாரதி கலந்தர் என்பவர் மரியநேசத்தின் தாங்கியை உறிஞ்சத் தொடங்கினார். நான் இறங்குதுறையின் மறு முனையில் வேறொரு படகின் இயந்திரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். சிங்கராசா தொலைபேசி எடுத்து, உறிஞ்சல் நின்றுவிட்டது, உள்ளே ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்டது என்றார். தாங்கி சப்பளிந்து வெடித்திருக்கும் என்று எனக்கு உடனே விளங்கியது. அறையைத் திறக்க வேண்டாம், வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஓடினேன். அவர் தொலைபேசியை நிறுத்தவில்லை. அதனால் அங்கே பேசியது எல்லாம் ஓடும்போது எனக்குக் கேட்டது.

“இவர் வந்து படம் கீறி விளங்கப்படுத்திறதுக்குள்ள பவுசர் போயிடும். திறவடா,” என்று சிங்கராசா சொன்னார். தாங்கி அறையின் மூடி திறந்த சத்தம் கேட்டது. அதன் பின்பு படகில் வேலை செய்யும் அருளப்புவின் குரல் கேட்டது.

“அண்ணன், நேற்று வந்த கொழும்பு ஆக்கள் என்னத்தைத் திண்டவங்கள்? கூழ்முட்டை தோத்துப்போகும்,” என்றார். சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் அருளப்பு, “இப்ப மணம் இல்லை. இறங்கிறன்,” என்றார்.

நான் தொலைபேசிக்குள் இறங்காதே என்று கத்தினேன். யாரும் கேட்கவில்லை. அந்த வாயுவின் பெயர் ஐதரசன் சல்பைட்டு. கொஞ்சமாக இருந்தால் கூழ்முட்டை மாதிரி நாறும். கூடினால் முதலில் மூக்கின் உணர்ச்சியைக் கொல்லும். மணம் இல்லை என்று அருளப்பு சொன்னபோது மணம் போகவில்லை, மூக்குத்தான் போயிருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது, அருளப்புவைத் தூக்கவென்று இறங்கிய சிங்கராசாவும் மயங்கிப் பாதி உடம்பு உள்ளே தொங்க, கலந்தர் அவரைச் சேட்டில் பிடித்துக்கொண்டு நின்றார். அவரைக் கயிறு கட்டி இழுத்து எடுத்தோம். அதன் பின்பு இயந்திர அறையின் காற்றூதியைக் கொண்டுவந்து அறைக்குள் காற்று அடித்த பின்புதான் அருளப்புவை எடுக்க முடிந்தது. உயிர் இல்லை. அவருடைய செருப்பு முன்தளத்தில் சோடியாக இருந்தது. சுருவத்துக்கு முன்னால் செருப்போடு போவதில்லை என்று இரண்டு படகிலும் கழற்றி வைத்துவிட்டுத்தான் போவார்கள். சிங்கராசாவை ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். இன்னும் நினைவு வரவில்லை என்று அறிகிறேன்.

அதன் பின்பு காற்றுக்குழாயின் வாயைத் தேடினேன். காணவில்லை. சுவரின் நீலத் தீந்தைக்குள் மறைந்திருந்தது. சுருவத்தின் முன் வழிந்த மெழுகைக் கூட்டி உருட்டி வாய்க்குள் அடைத்து, மேலே தீந்தை பூசியிருந்தார்கள். திருகாணிச்சாவியால் குத்தி எடுத்தேன். எடுத்ததும், காற்றூதி அடித்த காற்று தாங்கியின் வெடிப்பால் புகுந்து வர, குழாய் நீளமாக ஒரு மூச்சு விட்டது. பக்கத்தில் நின்ற எல்லோருக்கும் கேட்டது.

செய்தி கேட்டு மனைவியோடு ஓடிவந்து நின்ற டொமினிக் அண்ணனைப் பார்த்தேன். “மணம் வரக்கூடாதெண்டுதான் தம்பி, வேறொண்டும் இல்லை,” என்றார். விண்மீனிலும் அடைத்ததா என்று கேட்டேன். அவர் குனிந்து கீழே விழுந்த மெழுகை எடுத்தார். அன்ரோனெற் அக்காதான், “ரெண்டுக்கும் ஒரே நாள்தான் செய்தது,” என்றார். அதைக் கேட்டதும் மோட்டார் சைக்கிளை எடுத்து இங்கே வந்தேன்.

விண்மீனின் தாங்கியை இதுவரை ஒருமுறையும் உறிஞ்சவில்லை. வாயு போக வழியில்லாமல் அழுத்தம் ஏறி, மலசலகூடத்தில் தண்ணீர் கீழே இறங்காமல் கொப்பளிக்கும். பயணிகளில் பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் முறையிட்டால் யாகப்பர் சும்மா இருக்கமாட்டார். அறையைத் திறந்து தாங்கியின் மூடியைத் தளர்த்திப் பார்ப்பார். தளர்த்தினால் எல்லாம் அவர் முகத்தில்தான் வரும். அவருக்குப் பலமுறை தொலைபேசி எடுத்தேன். இறங்குதுறையைத் தாண்டினால் எங்கள் தொலைபேசிகள் இந்தியக் கோபுரத்துக்குத் தாவிவிடும், அழைப்புப் போகாது.

காற்றுக்குழாயை அந்த இடத்தில் வைத்தது பிழையில்லையா என்று என்னிடம் கேட்கப்பட்டது. பொறியியல்படி இடம் சரி. தட்டு எதற்கென்று நான் கேட்கவில்லை, அவர்கள் சொல்லவுமில்லை. அப்படியே எழுதிக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் கடற்படை முகாமில் இருந்து அழைப்பு வந்தது. சார்ஜன்ட் பேசிக்கொண்டே எனக்குச் சொன்னதாவது: சுற்றுக்காவல் படகு விண்மீனைக் கண்டுவிட்டது. நங்கூரத்தில் நிற்கிறது. பயணிகள் தீடை மணலில் நின்று கை காட்டுகிறார்கள். படகில் ஆள் தெரியவில்லை. முன்தளத்தில் ஒரு சோடிச் செருப்பு இருக்கிறது.

“ஆரையும் உள்ள இறங்க விடாதேங்கோ. மணம் இல்லையெண்டு சொன்னாலும் இறங்க விடாதேங்கோ,” என்று சொன்னேன். சார்ஜன்ட் அதை அப்படியே தொலைபேசியில் திருப்பிச் சொன்னார். முகாமில் இருந்தவர் அதை வானொலியில் சுற்றுக்காவல் படகுக்குச் சொல்வது கேட்டது; படகில் இருந்து இன்னும் பதில் வரவில்லை. அழைப்பு இன்னும் துண்டிக்கப்படவில்லை.

இதில் எழுதியது யாவும் நான் கண்டதும் கேட்டதும், என் அறிவுக்கு எட்டியவரை உண்மை. எனக்கு வாசித்துக் காட்ட வேண்டாம் என்று சொல்லிக் கையொப்பமிடுகிறேன்.

அ. ஹ. ஜுனைதீன்