பாலாற்று மணலில் ஒரு கை

விழுகிறேன். வாயில் மணல். "விழுந்து படுங்கோ! தலையைத் தூக்காதேங்கோ!" கத்துவது நான்தான். இடது கைக்கு அடியில் ஒரு பெண்ணின் தலை, மல்லிகைப்பூவோடு. வலது கையில் கேமரா. விரல் இறுகுகிறது. கிளிக்.

பிறகு சிரிப்பு.

இது வன்னி இல்லை. ஆம்பூர். சனிக்கிழமை மாலை. கல்யாணம் ஆகப்போகும் ஜோடியைப் பாலாற்று மணலில் நிறுத்திப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். மலைப்பக்கக் குவாரியில் வெடி வைத்தார்கள். ஒரே டொம். ஷெல் என்றால் முன்னால் விசில் வரும். இதற்கு வரவில்லை. உடம்பு அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை.

"இன்னா சார், கல்லு ஒடைக்கிற வெடிக்கா இவ்ளோ அலப்பறை?" மாப்பிள்ளை டேவிட், ஷூ கம்பெனி சூப்பர்வைசர், பேண்ட்டைத் தட்டினார். "பேச்சே மாறிப்போச்சே. சிலோன்காரரா நீங்க?"

பன்னிரண்டு வயதில் அகதி முகாமுக்கு வந்தவன். இப்போது தலை நரைத்துவிட்டது. ஜாஸ்தி, கம்மி, பேஜார் என்று இந்த ஊர்ப் பேச்செல்லாம் நாக்கில் ஏற்றிவைத்திருந்தேன். ஒரு வெடி. எல்லாம் உதிர்ந்தது.

வன்னியில் ஷெல் விழுந்த அன்று, நாங்கள் பதுங்கும் பங்கருக்குள் எங்கள் ஆல்பமும் எரிந்தது. ஊரின் ஒரு படம்கூட என்னிடம் இல்லை. அதனால்தான் இந்த நிலத்தை விடாமல் எடுக்கிறேன். நுரை மிதக்கும் ஆறு. தோல் காயும் வெளி. ஹைவே ஓரப் புளியமரம். இங்கிருந்தும் போ என்றால், இதாவது கையில் இருக்கட்டும். எத்தனையோ படங்கள். ஒன்றிலும் நான் இல்லை. எடுப்பவன் படத்துக்குள் எப்படி இருப்பான்?

திரையைப் பார்க்கிறேன். சாய்ந்த மலை. மணல். பூ. அதன்மேல் என் கை.

எட்டிப் பார்த்தார் டேவிட். "அத டெலிட் பண்ணிடுங்க சார். கல்யாணப் பொண்ணு மண்ல கெடக்குறா. நல்லாவா இருக்கு?"

மணப்பெண் ஜென்சி, நர்ஸ், சிரிக்கவே இல்லை. "இருக்கட்டும் டேவிட். என் தலையத்தான மூடியிருக்காரு."

"நீ சும்மா இரு. எங்கம்மா பார்த்தா அபசகுனம்னு ஆரம்பிச்சிடும்."

அவர்கள் காசு. அவர்கள் படம். அது எனக்கும் வேண்டும் என்று எந்தப் பேச்சில் கேட்பது? அழிக்கும்வரை டேவிட் பக்கத்திலேயே நின்றார். அழித்தேன்.

மறந்துபோகாமல் எழுதிவைக்கிறேன்.

வன்னியில் போனவை: அப்பா. தங்கை சுதா. வீடு. ஆல்பம்.

பாலாற்றில்: ஒரு படம். இந்த மண்ணில் நான் கிடந்த ஒரே படம்.