ஒரு தறியின் சத்தம்

எனக்குக் கோர்வையாக எழுத வராது, மறதியும் அதிகம். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நகரியிலிருந்து திருப்பதி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு அப்பாவும் மகளும் இருந்தார்கள். வீட்டிலேயே ரெண்டு பவர்லூம் ஓட்டுகிறவர் போல. சோஷல் ஒர்க் படிப்பில் சேர்க்க அவளை அழைத்துப் போகிறார்.

"ஊரார் கஷ்டத்தைக் கேக்கறதுக்கு நாம எதுக்கும்மா காசு கட்டணும்? அவங்கல்ல தரணும்?" என்றார். என் காது அங்கேயே நின்றுவிட்டது.

"அது படிப்பு நைனா."

"லட்ச ரூபா ஆவுது. முடிச்சா?"

"மொதல்ல மாசம் பன்னெண்டாயிரம் தருவாங்க."

"வேலைக்கு ஆளுங்கள ஏத்திக்க செல்போன் கம்பெனி வேன் நம்ம தெருவுக்கே வருது. உன் கூட்டாளிங்க இப்பவே பதினஞ்சு வாங்குதுங்க."

"தெரியும். வேணாம்னா புத்தூர்ல எறங்கித் திரும்பிடலாம்."

புத்தூரில் பஸ் நின்றதும் அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவர் பையைப் பிடித்துக்கொண்டார்.

"குந்து. சாவறதுக்கு முன்னால உங்கம்மா படுத்துக்கினு ஏதோ சொல்லிக்கினே இருப்பா. தறி சத்தத்துல எனக்குக் கேக்கல. நூலு அறுந்தா நிறுத்துவேன். அவ கூப்பிட்டு ஒரு நாளும் நிறுத்தல."

மகள் உட்கார்ந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ரெண்டுல ஒரு தறிய வித்துப் பணம் கட்டிடலாம்" என்றார்.

"அப்புறம் சோத்துக்கு?"

"இன்னொண்ணு ஓடுமே. சத்தமும் கம்மியா இருக்கும்."

திருப்பதியில் இறங்கும்போது பை அவர் தோளில் இருந்தது. ஃபீஸையும் சம்பளத்தையும் நான் சரியாகக் கேட்டேனோ என்னவோ, அந்தப் படிப்பு தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திவிடுங்கள்.