சிலேஷே மாமா வாட்ச்சுல பத்து மணி

கபாசோ: ...சிவப்புப் புள்ளி வந்துடுச்சு. அப்போ கேக்குது. என் பேரு கபாசோ. வயசு இருபத்திரண்டு. தான்சானியா எல்லையில துண்டுமாவுல, லாரி டயர் கடையில இருந்து பேசுறேன்...

லுசாஜோ: உன் வீட்டுக்குத்தானே அனுப்புற? உன் பேரு அவங்களுக்குத் தெரியாதா?

கபாசோ: நடுவுல பேசாத மச்சான், நாம பேசுறத இந்தப் போனே எழுதுது, அதையும் சேத்து எழுதிடும். ஜாம்பியா பக்கம் கசாமாவுல எங்க வீட்டுல போன் இல்ல. இது பக்கத்து சலூன் போன். முடி வெட்டிக்க வந்தவன்கூட எடுத்துப் படிப்பான்.

லுசாஜோ: மச்சானா? முதல்ல என் தங்கச்சியக் கட்டு. அப்புறம் கூப்பிடு.

கபாசோ: அதுக்குத்தானே இந்தப் பாடு... சரி. சிலேஷே மாமா, நல்லா இருக்கீங்களா? நான் நல்லா இருக்கேன். சரியா தூக்கம்தான் வரல. சாப்பாடும்...

லுசாஜோ: காலைல என் தட்டுல இருந்த சப்பாத்தியையும் சேத்துத் தின்னது யாரு?

கபாசோ: அது பயத்துல தின்னது. மாமா, சனிக்கிழமை மறுபடி பொண்ணு கேக்க வர்றீங்க. போன தடவை நடந்தது மறுபடி நடந்துச்சுன்னா...

லுசாஜோ: நடந்துச்சுன்னா அவ்வளவுதான். மூணாவது தடவை கேட் தாழ்ப்பாளத் திறக்கவே மாட்டேன்னு எங்கப்பா சொல்லிட்டாரு. செகேலாவ மறந்துட வேண்டியதுதான்.

கபாசோ: சிரிச்சுக்கிட்டே சொல்ற பாரு.

லுசாஜோ: சிரிக்காம என்ன பண்றது? இந்தச் சந்தையில தக்காளி விக்கிற அம்மாகூட "உங்க மணியா, எங்க மணியா"ன்னு கேட்டுட்டுத்தான் நாளைக்கு வாங்கும்பாங்க. எங்களுக்குப் பத்துன்னா உங்க ஜாம்பியாவுக்கு ஒன்பது. ரெண்டு வருஷமா இங்க இருக்குற நீ, பொண்ணு கேக்குற விஷயத்துல மொட்டையா "பத்து மணி"ன்னு சொல்லி விட்டிருக்க.

கபாசோ: பதட்டத்துல வந்துடுச்சுப்பா...

லுசாஜோ: உங்க மாமா டாண்ணு அவர் வாட்ச்சுல பத்துக்கு வந்து நிக்கிறாரு. எங்க வீட்டுல பதினொண்ணு. புலாவ் ஆறிப் போச்சு. அப்பா கேட் கதவ உள்பக்கமா பூட்டிட்டு, லேட்டுக்கு ஒரு ஆடு அபராதம்னு உள்ள இருந்தே சொல்றாரு.

கபாசோ: மாமா விடுவாரா? ரயில்வேயில சிக்னல் பாத்தவரு.

லுசாஜோ: எங்க விட்டாரு... லுசாக்காவுல பத்து, லுபும்பாஷில பத்து, ஹராரேல பத்து, லிலாங்வேல பத்து, மபூட்டோ கடற்கரை வரைக்கும் பத்து. இத்தனை நாடும் தப்பு, உங்க ஒரு கேட் மட்டும் சரியான்னு தெரு கேக்கக் கேட்டாரு.

கபாசோ: நியாயமான கேள்விதானே.

லுசாஜோ: எங்கப்பா சொன்ன பதில் தெரியும்ல?

கபாசோ: தெரியும். சொல்ல வேணாம்.

லுசாஜோ: "அப்போ மபூட்டோவுல போய்ப் பொண்ணு கேளுங்க."

கபாசோ: ...சொல்ல வேணாம்னேன். இப்போ அதையும் எழுதியிருக்கும். மாமா, நீங்க அதை மனசுல வச்சுக்காதீங்க. உங்ககூட வந்த அத்தை அன்னைக்கு வாசல்ல கவுத்த வாளி மேல உக்காந்து அழுதது இன்னும் என் கண்ணுலயே நிக்குது.

லுசாஜோ: அவங்க அழுதது புலாவ் வாசனைக்கு. நான் கேட் சந்து வழியாப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.

கபாசோ: நீ என்ன பண்ணிக்கிட்டிருந்த?

லுசாஜோ: தின்னுக்கிட்டிருந்தேன். யாராவது தின்னாகணும்ல?

கபாசோ: ...மாமா, விஷயத்துக்கு வரேன். வெள்ளிக்கிழமை எல்லைக்கு நம்ம பக்கம் நகோண்டேல சித்தி வீட்டுல தங்கிக்கோங்க. காலைல நடந்தே எல்லை தாண்டிடலாம். சனிக்கிழமை உங்க வாட்ச்சுல சரியா பத்து மணிக்கு கேட் வாசல்ல நில்லுங்க.

லுசாஜோ: நல்லது. அப்படியே இருக்கட்டும்.

கபாசோ: ...என்ன?

லுசாஜோ: என்ன என்ன? பத்து மணி. நல்ல நேரம்.

கபாசோ: மாமா வாட்ச்சுலன்னு சொன்னேனே. காதுல விழுந்துச்சா?

லுசாஜோ: விழுந்துச்சு.

கபாசோ: இப்பதான் அதே பத்துக்காக என்னை வறுத்தெடுத்த. ஒன்பதுன்னு மாத்தச் சொல்லி என் கழுத்தப் பிடிப்பன்னு பாத்தேன்.

லுசாஜோ: நீயும் ஒன்பதுன்னு சொல்லுவன்னுதான் நான் பாத்தேன். சொன்னா தடுக்கணும்னே உக்காந்திருக்கேன்.

கபாசோ: தடுக்கவா? எதுக்கு? இன்னொரு ஆடு வேணுமா உங்க வீட்டுக்கு?

லுசாஜோ: இரு இரு. நீ ஏன் பத்துன்னு சொல்ற? அதச் சொல்லு முதல்ல.

கபாசோ: அது... மாமாவுக்கு ரோஷம். எல்லை தாண்டினா செருப்பக் கழட்டச் சொல்லு, கழட்டுறேன், வாட்ச் முள்ளத் திருப்ப மாட்டேன்னுட்டாரு. ஒன்பதுன்னு சொன்னா, ஓ, அவங்க மணிக்கு நம்மள இழுக்கிறாங்களான்னு பஸ் ஏற மாட்டாரு.

லுசாஜோ: அதான் காரணமா?

கபாசோ: அதேதான். வேற என்ன இருக்கு? மாமாவே இப்போ ஒரு மாதிரியா இருக்காராம், என் தங்கச்சி சொன்னா. சர்ச் கதவு திறக்கறதுக்கு முன்னாடியே போய் நின்னு, ஊரே சோம்பேறி ஆயிடுச்சுன்னு பாதிரியார் வீட்டு ஜன்னலத் தட்டியிருக்காரு. வயசாகுதுல்ல...

லுசாஜோ: வேடிக்கையா இருக்கே. எங்கப்பா அதுக்கு நேர் எதிர். புதன்கிழமை சர்ச் கூட்டத்துக்குப் போனாரு. எல்லாரும் முடிச்சுட்டு நாற்காலிய அடுக்கிக்கிட்டு இருக்காங்க. மூப்பர் நான் இல்லாம எப்படி முடிப்பீங்கன்னு திரும்ப விரிக்கச் சொல்லி உக்கார வச்சுட்டாரு. துண்டுமாவே அவசரத்துல ஓடுதாம்.

கபாசோ: உங்கப்பா லேட்டா? அவரா?

லுசாஜோ: ம்...

கபாசோ: லுசாஜோ. என்ன பண்ணின?

லுசாஜோ: அந்தப் போன முதல்ல நிறுத்து.

கபாசோ: கை பூரா கிரீஸு. தொட்டா எங்க போய் அழுத்துமோ. சும்மா சொல்லு, சலூன்ல யாருக்கு உங்கப்பாவத் தெரியப் போகுது?

லுசாஜோ: செகேலா எனக்குச் சோறு போடுறத நிறுத்திட்டா. போன வாரம் நாலு நாள் வெறும் வாழைப்பழம். "நீ பெரியண்ணன், ஏதாவது பண்ணு"ன்னா. அதான்... சுவர்க் கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளி வச்சுட்டேன்.

கபாசோ: பின்னாடி...

லுசாஜோ: எங்க வீடு இப்போ ஜாம்பியா மணியில ஓடுது. அப்பா செல்போன நம்ப மாட்டாரு, உங்க பக்கத்து டவரப் பிடிச்சுக்கிட்டு அது நிமிஷத்துக்கு ஒரு பேச்சு பேசுது. சுவர்க் கடிகாரம்தான் அவருக்கு வேதம். உங்க மாமா அவர் பத்துக்கு வந்தாருன்னா, எங்க சுவருலயும் பத்து. எப்படி?

கபாசோ: திருப்பி முன்னாடி வச்சிடு.

லுசாஜோ: என்னது?

கபாசோ: இன்னைக்கே வச்சிடு, மச்சான். கெஞ்சிக் கேக்குறேன்.

லுசாஜோ: முடியாதுடா. நேரத்த வச்சு ஊரே சண்டைக்கு வந்ததுல இருந்து, யாரும் தொடக் கூடாதுன்னு கடிகாரத்தக் கழட்டிக் கொண்டு போய்த் தலைமாட்டுல வச்சுக்கிட்டுத் தூங்குறாரு. அது இருக்கட்டும், எல்லாம் சரியா வருதே, உனக்கு ஏன் வேர்க்குது?

கபாசோ: சீக்கிரமா வந்துட்டா உங்கப்பா என்ன சொல்வாரு? லேட்டு இல்ல. ரொம்ப முன்னாடி வந்துட்டா?

லுசாஜோ: ஐயோ, அது இன்னும் மோசம். எங்க அக்காவ முதல்ல பொண்ணு கேட்டு வந்தவங்க அப்படித்தான் வந்து நின்னாங்க. அடுப்பு புகையறதுக்குள்ள வந்து நிக்கிறவன் பொண்ணு கேக்க வரல, சோறு கேக்க வந்திருக்கான்னு துரத்திட்டாரு. ஆனா உங்க மாமா ஏன் முன்னாடி வரப் போறாரு? ...கபாசோ? ...ஏன்டா போன்கிட்டக் குனியுற?

கபாசோ: ...இதப் படிக்கிறவங்க யாரா இருந்தாலும் சரி, இதுக்கு மேல சத்தமாப் படிக்காதீங்க. என் தங்கச்சி முவீலாவ மட்டும் தனியாக் கூப்பிட்டுச் சொல்லுங்க. போன ஞாயித்துக்கிழமை மாமா குளிக்கப் போனப்போ, நான் கேட்டேன்னு அவர் வாட்ச்ச ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வச்சாளே... இப்போ அவர் பத்துக்கு வந்து நின்னா இவங்க சுவருல ஒன்பதுதான், அவர் பஸ் ஏறுறதுக்குள்ள அதப் பழையபடி திருப்பி வைக்கச் சொல்லுங்க.